கடலடியில் கிடப்பது பழைய இரும்பா?

சென்ற பருவ விடுமுறையில், பகுதிநேர வேலையில் சேர்த்த பணத்தைக் கொண்டு பெர்ஹெந்தியான் தீவில் ஸ்கூபா முக்குளிப்பு கற்றுக்கொண்டேன். அங்கே ஏறக்குறைய 18 மீட்டர் ஆழத்தில், 2000ஆம் ஆண்டில் மூழ்கிய சரக்குக் கப்பல் ஒன்று கிடக்கிறது. சீனி ஏற்றி வந்ததால் அதற்குச் 'சீனிக் கப்பல்' என்றே பெயர். சீனி கரைந்துவிட்டது, இரும்பு மீன்களின் வீடாகிவிட்டது.

தரையில் கிடந்த துருப்பிடித்த ஆணியொன்றை நினைவுக்காக எடுக்கக் கையை நீட்டினேன். பயிற்றுநர் என் மணிக்கட்டைப் பிடித்து, 'வேண்டாம்' என விரலை ஆட்டினார்.

கிள்ளானுக்குத் திரும்பி இதைச் சொன்னபோது நண்பன் சிரித்தான். "பழைய இரும்புதானே? எடுத்தால் என்ன?"

எடுத்தால் என்ன ஆகும்? மணலிலும் சேற்றிலும் பவளம் வளராது. அதன் இளம் உயிர்கள் ஒட்டிக்கொள்ளக் கெட்டியான பரப்பு வேண்டும். மூழ்கிய கப்பல் அதைத் தருகிறது. பாசி, சிப்பி, பவளம் என ஒவ்வொன்றாகக் குடியேறும். அவற்றைத் தேடிச் சிறு மீன்களும், சிறு மீன்களைத் தேடிப் பெரிய மீன்களும் வரும். பிடிபட்ட அந்நிய மீன்பிடிப் படகுகளை நம் கடல்சார் அமலாக்க நிறுவனம் கடலில் மூழ்கடிப்பதும் இதற்காகத்தான்.

ஒருபுறம் மீனுக்கு வீடு கட்டுகிறோம். மறுபுறம் கட்டிய வீட்டைப் பறிகொடுக்கிறோம். சபாவின் உசுகான் வளைகுடாவில் 1944இல் மூழ்கிய மூன்று ஜப்பானியக் கப்பல்கள் பவளம் மூடிக் கிடந்தன. 2017இல் பாரந்தூக்கியோடு வந்தவர்கள் அவற்றைப் பெயர்த்தெடுத்தார்கள். எழுபது ஆண்டுகளுக்கு மேல் வளர்ந்தது பழைய இரும்பாகிப் போனது.

குவாந்தான் கடலில் நடந்தது இன்னும் வேதனையானது. 1941 டிசம்பர் 10ஆம் தேதி, ஜப்பானிய விமானங்கள் 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்', 'ரிபல்ஸ்' என்ற இரு பிரிட்டிஷ் போர்க்கப்பல்களை மூழ்கடித்தன. இறந்தவர்கள் 840 பேர். 2023 மே மாதம் ஜொகூர் கடற்பகுதியில் தடுத்து வைக்கப்பட்ட ஓர் அந்நியக் கப்பலில் பழைய பீரங்கிக் குண்டுகளும் துருப்பிடித்த இரும்பும் இருந்தன. அவை அந்த இரு கப்பல்களிலிருந்து தோண்டப்பட்டவை என்ற சந்தேகம் எழுந்தது.

"வெள்ளைக்காரன் கப்பலுக்கு நீ ஏன் அழுகிறாய்?" என்று நண்பன் விடவில்லை. நியாயமான கேள்விதான். என் பதில் என் வீட்டில் இருக்கிறது.

அந்தக் கப்பல்கள் மூழ்கி ஒரு மாதத்தில் கோலாலம்பூர் ஜப்பானியர் கைக்குப் போனது. பிறகு தோட்டப்புறத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். என் பாட்டியின் அப்பாவும் அவர்களில் ஒருவர், திரும்பி வரவில்லை. எங்கே புதைத்தார்கள் என்று தெரியாது. படம்கூட இல்லை. தீபாவளிக்கு முன் படையல் போடும்போது பாட்டி ஒரு வேட்டியை மடித்து வைத்துக் கும்பிடுவார்.

கைகாட்ட ஓர் இடம் இல்லாத வலி எங்களுக்குத் தெரியும். அந்த 840 பேரின் குடும்பங்களுக்கு ஓர் இடமாவது இருக்கிறது. அதை எடைக்கு விற்க நாம் விடலாமா?

தேசியப் பாரம்பரியச் சட்டம் 2005, கடலடிப் பாரம்பரியத்துக்கெனத் தனிப் பகுதியையே கொண்டிருக்கிறது. ஆனால், கடலில் கண் இல்லாமல் ஏட்டில் சட்டம் இருந்து பயனில்லை. கண்ணாக இருக்கக்கூடியவர்கள் அன்றாடம் அங்கே போகும் மீனவர்களும் முக்குளிப்பாளர்களும்தான். அவர்கள் கொடுக்கும் தகவலுக்கு அதிகாரிகள் உடனே செயல்பட வேண்டும். பல்கலைக்கழக முக்குளிப்புக் கழகங்கள் ஒவ்வொரு முறையும் எடுக்கும் படங்களை ஆண்டுதோறும் ஒப்பிட்டு வைத்தால், எது குறைந்தது என்று தெரியும். வரலாறு படிப்பவர்களும் கடல் அறிவியல் படிப்பவர்களும் சேர்ந்து செய்யலாம்.

முக்குளிப்புச் செலவு எல்லா மாணவருக்கும் கட்டுப்படியாகாது என்பது உண்மை. ஆனால் அந்தக் கப்பல்களைத் தெரிந்துகொள்ளவும் அவற்றுக்காகக் குரல் கொடுக்கவும் நீந்தத் தெரிய வேண்டியதில்லை.

அந்த ஆணி அங்கேயே இருக்கிறது. அடுத்த முறை போகும்போதும் அது அங்கே இருக்க வேண்டும்.