கில்லெஸ்பியின் இரண்டு கோட்டைகள்

பாலக்காட்டில் ஹைதர் அலி கோட்டை கட்டிய அதே 1766-ல் அயர்லாந்தில் பிறந்தவர் ரோலோ கில்லெஸ்பி. 40 ஆண்டுகள் கழித்து இந்தக் குதிரைப்படை அதிகாரிக்குப் பெயர் வாங்கித் தந்தது இன்னொரு கோட்டை. ஹைதரின் பேரன்கள் காவலில் இருந்த வேலூர்க் கோட்டை.

1806 ஜூலை 10. விடிவதற்குள் வேலூரில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். நெற்றிக்குறி கூடாது, கடுக்கன் கூடாது, தோல் வைத்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும் என்ற உத்தரவுகள் மூட்டிய தீ அது. நூற்றுக்கும் மேற்பட்ட வெள்ளையர் மாண்டனர். கோட்டையில் மைசூர்க் கொடி ஏறியது.

சேதி எட்டியபோது கில்லெஸ்பி ஆற்காட்டில் இருந்தார். சுமார் 25 கிலோமீட்டர் குதிரையில் பறந்து வந்தார். மதில் மேல் சிக்கியிருந்த வெள்ளைச் சிப்பாய்கள் அவரை மேலே தூக்கிக்கொண்டார்கள். பின்னால் வந்த பீரங்கிகள் கதவைத் தகர்க்க, குதிரைப்படை உள்ளே புகுந்தது. அரண்மனையில் ஒளிந்திருந்த சுமார் 100 சிப்பாய்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். விசாரணை கிடையாது. உடன் வந்த பொறியாளர் ஜான் பிளாக்கிஸ்டனே இதைப் பிற்பாடு எழுதிவைத்தார்.

ஆளுநர் பென்டிங்கும் தளபதி கிரடாக்கும் பதவியிழந்தார்கள். கில்லெஸ்பி உயர்ந்தார். 1811-ல் ஜாவா, 1812-ல் பாலம்பாங், யோக்யகர்த்தா. எங்கும் அதே பாணி: முதலில் பாய்வது.

அந்தப் பாணி 1814 அக்டோபர் 31-ல் டேராடூன் அருகே கலங்கா கோட்டையில் எடுபடவில்லை. உள்ளே பலபத்ர குன்வரின் தலைமையில், பெண்கள் குழந்தைகள் உட்பட சுமார் 600 பேர். படைக்கு முன்னால் பாய்ந்த கில்லெஸ்பி குண்டடிபட்டு இறந்தார். கோட்டை விழ மேலும் ஒரு மாதம் ஆயிற்று. பிறகு ஆங்கிலேயர் அங்கே இரண்டு தூண்கள் எழுப்பினார்கள். ஒன்று கில்லெஸ்பிக்கும் உடன் மடிந்தவர்களுக்கும். மற்றொன்று எதிரியான பலபத்ரருக்கும் அவருடைய வீரர்களுக்கும்.

வேலூரில் மட்டும் இந்தப் பெருந்தன்மை இல்லாமல் போனது ஏன்? எதிரியின் வீரத்தைப் புகழ்ந்தால் வென்றவனுக்கும் பெருமை. மேலும், கூர்க்காக்களை 1815-லேயே கம்பெனி தன் படையில் சேர்த்துக்கொண்டது. சிப்பாயோ கம்பெனியின் உப்பைத் தின்றவன். அவனுடைய கோபம் நியாயம் என்று ஒப்புக்கொண்டால் படையின் அடித்தளமே ஆடிவிடும். ஆனால் தலைப்பாகை உத்தரவு வாபஸ் ஆனது. நியாயம் எந்தப் பக்கம் என்பது அதிலேயே தெரிந்துபோயிற்று.

கில்லெஸ்பிக்குப் பிறந்த ஊரில் ஒரு தூண், லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தில் ஒரு சிலை. வேலூர்ச் சிப்பாய்களுக்கு நினைவுத் தூண் எழுந்தது சுதந்திரத்துக்குப் பிறகுதான். தபால் தலை வெளிவர 2006 வரை, சரியாக 200 ஆண்டுகள், அவர்கள் காத்திருக்க வேண்டியிருந்தது.