குடையை நம்பலாம், விமானத்தை நம்பலாமா?

அமெரிக்காவில் ஒரு சிறிய விமானத் திடல். விடுமுறை நாள். வானம் தெளிவாக இருக்கிறது. ஆனால் காற்று பலமாக வீசுகிறது. பாராசூட் குடை கட்டிக் குதிக்க வந்தவர்கள் புல் தரையில் உட்கார்ந்து இருக்கிறார்கள். காற்று அடங்கும் வரை குதிக்க முடியாது. அது வரை என்ன வேலை? பேச்சுத்தான்!

முதலில் விமானத்தைப் பற்றிப் பேசுவார்கள். எந்த என்ஜின் நல்லது, எந்த விமானி கெட்டிக்காரர் என்று பேச்சு போகும். பிறகு எரிபொருள் விலை வரும். விலையில் இருந்து வரி வரும். வரியில் இருந்து அரசாங்கம் வரும். அப்புறம் குரல் உயரும்.

"என் உயிர். என் குடை. நடுவில் அரசாங்கம் எதற்கு?" என்பது ஒரு கட்சி.

"சட்டம் இல்லாவிட்டால் உயிரே இருக்காது" என்பது எதிர்க் கட்சி.

காற்று அடங்கியதும் விவாதம் நின்று விடும். எல்லோரும் ஒரே விமானத்தில் ஏறுவார்கள். சற்று முன் சண்டை போட்டவர்கள், வானத்தில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக் கொண்டு வட்டமாக மிதப்பார்கள். அங்கே யாரும் பேச முடியாது. காற்றின் இரைச்சல் காதை அடைக்கும். கை ஜாடைதான் பேச்சு.

இது வெறும் பொழுதுபோக்குச் சண்டை அல்ல. இதில் பல உயிர்கள் அடங்கி இருக்கின்றன. இந்த இரண்டு கட்சியில் எது சரி? அதைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு நிமிட வேகம்

விமானம் சுமார் 13 ஆயிரம் அடி உயரத்துக்குப் போகிறது. கதவு திறக்கிறது. வீரர் குதிக்கிறார். மணிக்கு 120 மைல் வேகத்தில் கீழே வருகிறார். ஏறத்தாழ ஒரு நிமிடம் இப்படியே விழுகிறார். தரை நெருங்குவதற்கு முன், போதிய உயரத்திலேயே குடையை விரிக்கிறார். வேகம் சட்டென்று குறைகிறது. பிறகு சில நிமிடங்கள் மெதுவாக மிதந்து வந்து தரையில் காலை ஊன்றுகிறார்.

அவர் முதுகில் ஒரே பைதான். ஆனால் அதற்குள் இரண்டு குடை இருக்கும். ஒன்று விரியாவிட்டால் மற்றொன்று. முதல் குடையைப் பெரும்பாலும் அவரே மடித்து வைக்கிறார். இரண்டாவது குடையை, அதற்கென்று அரசிடம் சான்று பெற்ற தொழிலாளிதான் மடிக்க வேண்டும். 180 நாளுக்குள் மடித்த குடையாக இருக்க வேண்டும் என்பது சட்டம்.

இன்னும் ஒரு காவலும் உண்டு. ஒரு சிறிய கருவி. வீரர் மயங்கி விட்டாலும், மறந்து விட்டாலும், அது உயரத்தையும் வேகத்தையும் கணக்குப் பார்த்து இரண்டாவது குடையைத் தானே விரித்து விடும். இன்று பெயர் பெற்று விளங்கும் இத்தகைய கருவி ஒன்று 1991ல் ஜெர்மனியில் இருந்து வந்தது. பலர் உயிரை அது காப்பாற்றி இருக்கிறது.

அரசு கொடுக்காத லைசென்ஸ்

அமெரிக்காவில் கார் ஓட்ட அரசு லைசென்ஸ் வேண்டும். விமானம் ஓட்டவும் வேண்டும். ஆனால் விமானத்தில் இருந்து குதிக்க அரசு லைசென்ஸ் கிடையாது! கேட்பவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். ஆனால் உண்மை.

இந்த விளையாட்டு அங்கே தனியார் முயற்சியால் வளர்ந்தது. பாரிசில் பிறந்த ஜாக் ஆந்த்ரே இஸ்டெல் என்பவர், 1959ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள ஆரஞ்சு என்ற ஊரில் குதிப்பு நிலையம் ஒன்றைத் தொடங்கினார். அது வரை பாராசூட் என்றால் ராணுவத்தின் சாமானாக இருந்தது. அல்லது வேடிக்கை காட்டுகிறவர்களின் சாமானாக இருந்தது. ஆரஞ்சு ஊருக்குப் பிறகு, சாதாரண மக்களும் பணம் கட்டி, பயிற்சி பெற்று, குதிக்கத் தொடங்கினார்கள்.

குதிப்பவர்களே சேர்ந்து அமைத்தது அமெரிக்க பாராசூட் சங்கம். இந்தச் சங்கம்தான் தேர்வு வைக்கிறது. நான்கு படியாக லைசென்ஸ் கொடுக்கிறது. யாராவது இறந்தால், எப்படி இறந்தார், எங்கே தவறு என்று ஆராய்ந்து தன் பத்திரிகையில் வெளியிடுகிறது. ஒருவர் செய்த தவறு மற்ற எல்லோருக்கும் பாடம் ஆகிறது.

பலன் என்ன? 1970க்கும் 1980க்கும் இடையே அமெரிக்காவில் ஆண்டுக்கு சராசரி 40 பேருக்கு மேல் இந்த விளையாட்டில் இறந்தார்கள். 2023ல் இறந்தவர்கள் 10 பேர். அந்த ஒரே ஆண்டில் நடந்த குதிப்புகள் சுமார் 36 லட்சத்து 50 ஆயிரம்!

ஆகவே, "எங்களை நாங்களே காத்துக் கொள்வோம்" என்று சொல்லுகிறவர்கள் வீண் வாதம் செய்யவில்லை. செய்து காட்டி இருக்கிறார்கள். அதைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை.

ஏரியில் விழுந்த 18 பேர்

1967ம் ஆண்டு ஆகஸ்டு 27ந்தேதி, ஞாயிற்றுக்கிழமை. ஒகையோ மாநிலத்தில், வேக்மன் என்ற ஊர் அருகே உள்ள விமானத் திடலில் இருந்து ஒரு பழைய குண்டு வீச்சு விமானம் கிளம்பியது. அதில் இருந்தவர்கள் பாராசூட் வீரர்கள். மிக உயரத்தில் இருந்து குதிக்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை.

விமானம் 20 ஆயிரம் அடி உயரத்துக்குப் போயிற்று. கீழே பார்த்தால் தரை தெரியவில்லை. ஒரே மேகம். "நாங்கள் எங்கே இருக்கிறோம்?" என்று விமானி ரேடியோவில் கேட்டார். தரையில் ரேடார் பார்த்துக் கொண்டு இருந்த அரசாங்க ஊழியர் பதில் சொன்னார். திடலுக்கு அருகில் இருப்பதாகச் சொன்னார்.

18 பேர் குதித்தார்கள்.

மேகத்தைத் தாண்டி வெளியே வந்தபோது அவர்கள் கண்ட காட்சி என்ன? திடல் இல்லை. வீடு இல்லை. மரம் இல்லை. எங்கு பார்த்தாலும் தண்ணீர்! அது ஈரி ஏரி. கடல் போன்ற ஏரி. கரை பல மைல் தூரத்தில் இருந்தது.

எல்லோருடைய குடையும் ஒழுங்காக விரிந்தது. ஆனால் விரிந்து என்ன பயன்? 16 பேர் ஏரியில் மூழ்கி இறந்தார்கள். இரண்டே பேரைப் படகில் வந்தவர்கள் காப்பாற்றினார்கள்.

தவறு எங்கே நடந்தது? குதிப்பதைப் படம் எடுக்க மற்றொரு சிறு விமானமும் மேலே போய் இருந்தது. ரேடார் திரையில் அந்தச் சிறு விமானத்தைப் பார்த்து, இதுதான் பெரிய விமானம் என்று ஊழியர் எண்ணி விட்டார். குடும்பத்தினர் கோர்ட்டுக்குப் போனார்கள். ஊழியரின் தவறுக்கு அரசே பொறுப்பு என்று தீர்ப்பாயிற்று. 1975ல் மேல் கோர்ட்டும் அதை உறுதி செய்தது.

இந்தக் கதையை இரண்டு கட்சியும் சொல்லும். "அரசாங்கத்தை நம்பினோம், மோசம் போனோம்" என்று ஒரு கட்சி சொல்லும். "மேகத்துக்குள் குதிக்கக் கூடாது என்று அப்போதே சட்டம் இருந்தது. அதைக் கேட்டு இருந்தால் 16 பேரும் பிழைத்து இருப்பார்களே!" என்று மற்ற கட்சி சொல்லும்.

இரண்டும் உண்மைதான். ஆனால் இரண்டுக்கும் மேலே ஓர் உண்மை இருக்கிறது. அன்று அந்த 18 பேர் உயிரும் தங்கள் கையில் இல்லை. முகம் தெரியாத ஒருவர், மைல் கணக்கான தூரத்தில் உட்கார்ந்து, ஒரு திரையைப் பார்த்துச் சொன்ன சொல்லில் இருந்தது.

விரிய உயரம் இல்லை

இன்று பாராசூட் வீரர்கள் அதிகமாக விவாதிக்கும் விஷயம் குடை அல்ல. விமானம்.

குதிப்பதற்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் விமானங்கள் பல பழையவை. ஒரு நாளில் பல தடவை ஏறி இறங்குகின்றன. பெரிய பயணி விமானங்களுக்கு இருக்கும் கடுமையான விதிகள் இவற்றுக்கு இல்லை. அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2008ல் ஒரு கணக்குச் சொன்னது. 1980 முதல் அது வரை, குதிப்பு விமானங்கள் விழுந்த 32 விபத்துகளில் 172 பேர் இறந்து இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் பாராசூட் வீரர்கள். மேற்பார்வையைக் கடுமை ஆக்க வேண்டும் என்று வாரியம் அப்போதே கேட்டுக் கொண்டது.

பதினொரு ஆண்டுகள் போயின. 2019 ஜூன் 21ந்தேதி, ஹவாய் மாநிலத்தில் ஒரு குதிப்பு விமானம் கிளம்பிய உடனே கவிழ்ந்து விழுந்தது. அதில் இருந்த 11 பேரும் இறந்தார்கள். உயரே போய் இருந்தால் குடை கட்டியவர்கள் குதித்துத் தப்பி இருக்கலாம். குடை இருந்தது. அது விரிய உயரம் இல்லை.

விமானி எழும்பிய உடனே விமானத்தை வேகமாகத் திருப்பியதுதான் முக்கிய காரணம் என்று வாரியம் கண்டது. மற்றொன்றும் தெரிய வந்தது. அதே விமானம் 2016ல், வேறு ஊரில், பறக்கும்போது நிலை தடுமாறி வால் பாகம் பிய்ந்து போன விமானம்! அப்போது குதித்தவர்கள் குடையால் தப்பினார்கள். விமானி விமானத்தை எப்படியோ இறக்கி விட்டார். பிறகு பழுது பார்த்தார்கள். ஆனால் இடது இறக்கை முறுக்கிக் கொண்டு இருந்தது சரி செய்யப்படவில்லை. விமானத்தைச் சரியான நிலையில் வைக்காததும், இத்தகைய விமானங்களைக் கண்காணிக்கப் போதிய சட்டம் இல்லாததும் விபத்துக்குத் துணை போன காரணங்கள் என்று வாரியம் சொன்னது.

அந்த இறக்கையை, ஏற வந்தவர்கள் பார்த்து இருக்க முடியுமா? பார்த்தாலும் தெரிந்து இருக்குமா? தெரியாது. குடையை மடிக்கத் தெரிந்தவருக்கு இறக்கையின் முறுக்கல் தெரியாது.

எது சொந்தம்? எது பொது?

இங்கேதான் விவாதத்துக்கு விடை இருக்கிறது.

குதிக்கலாமா, வேண்டாமா என்பது அவரவர் இஷ்டம். காற்றைப் பார்த்து, குடையைப் பார்த்து, தன் திறமையைப் பார்த்து ஒருவர் முடிவு செய்கிறார். தெரிந்தே ஏற்கும் ஆபத்து அது. அதில் அரசாங்கம் அளவுக்கு மீறித் தலையிட வேண்டியது இல்லை. சங்கமே நன்றாகக் கவனித்துக் கொள்ளுகிறது.

ஆனால் என்ஜினில் விரிசல் இருக்கிறதா, இறக்கை நேராக இருக்கிறதா, விமானி சரியான பயிற்சி பெற்றவரா என்பது ஏறுகிறவர் கண்ணுக்குத் தெரியாது. தெரியாத ஆபத்தை யாரும் இஷ்டப்பட்டு ஏற்க முடியாது. அங்கே சட்டம் கண்ணாக இருக்க வேண்டும்.

"சட்டம் கடுமை ஆனால் செலவு ஏறும். சிறிய திடல்கள் மூடிப் போகும்" என்கிறார்கள். இந்தக் கவலை நியாயமானது. சிறிய ஊர்களில் இந்தத் திடல்களை நம்பிப் பிழைப்பவர்கள் உண்டு. ஆகவே காகிதத்தை அதிகமாக்கும் சட்டம் வேண்டாம். விமானத்தை நேரில் வந்து சோதிக்கும் சட்டம் வேண்டும். அதனால் கட்டணம் சிறிது ஏறினால் ஏறட்டும். பழுது பார்க்கும் செலவை மிச்சம் பிடித்து, அதை உயிரால் கட்டுவது லாபம் ஆகாது.

இதில் குடியரசுக் கட்சி, ஜனநாயகக் கட்சி என்ற பேதமும் வேண்டாம். மூத்த ஜார்ஜ் புஷ்ஷின் கதையே போதும். 1944ல் அவர் இளம் போர் விமானி. விமானம் சுடப்பட்டு எரிந்தபோது குடையோடு குதித்துத் தப்பினார். கூட இருந்த இருவர் இறந்து போனார்கள். பிறகு அவர் அமெரிக்க ஜனாதிபதி ஆனார். பதவி விட்டு இறங்கிய பின், 1997ல், 72 வயதில், ஆசைப்பட்டு மீண்டும் குதித்தார். 2014ல் அவருக்கு 90 வயது. கால் நடக்காது. அன்றும் குதித்தார். எப்படி? அனுபவம் வாய்ந்த வீரர் ஒருவரின் உடலோடு சேர்த்துக் கட்டிக் கொண்டு குதித்தார். ஒரு நாட்டையே ஆண்டவருக்கும் அன்று மற்றொருவர் கைதான் துணை.

புல் தரையில் விவாதம் நடக்கட்டும். விவாதம் நல்லது. ஆனால் காற்று அடங்கி, எல்லோரும் எழுந்து விமானத்தை நோக்கி நடக்கும்போது, ஏறுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும்.

"இந்த விமானத்தைக் கடைசியாகச் சோதித்தவர் யார்? என்று சோதித்தார்?"

பதில் தெரிந்தால் ஏறலாம். தெரியாவிட்டால் இறங்கி விட வேண்டும். அந்தப் பதிலை மறைக்க முடியாதபடி செய்வதுதான் அரசாங்கத்தின் வேலை. அதைக் கேட்டு வாங்குவது குதிப்பவர்களின் வேலை.