பாலில் இறங்கும் பிண்ணாக்கு நஞ்சு

2018ஆம் ஆண்டில் நாடெங்கும் திரட்டிய 6,432 பால் மாதிரிகளை இந்திய உணவுப் பாதுகாப்பு, தர ஆணையம் ஆய்வுக்கு உட்படுத்தியது. அவற்றுள் 368 மாதிரிகளில் அஃப்ளாடாக்சின் எம்1 என்னும் பூஞ்சை நஞ்சு வரம்பை மீறியிருந்தது. தமிழகத்தின் 551 மாதிரிகளுள் 88 அத்தகையவை. எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். பிற முதலிடங்களைப் பறைசாற்றத் தயங்காத நாம் இதனைப் பேசாது விட்டோம்.

இந்நஞ்சைப் பாலில் எவரும் கலப்பதில்லை. பூஞ்சை படிந்த தீவனத்தைத் தின்ற பசுவின் மடி வழியே, ஒரு நாளுக்குள்ளேயே, தீவன நஞ்சின் ஒரு பங்கு பாலுக்கு வந்துவிடுகிறது. காய்ச்சினாலும் அகலாது. 1960இல் இங்கிலாந்தில் நூறாயிரத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் மடிந்ததை ஆராய்ந்தபோதுதான், பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் அஃப்ளாடாக்சினை உலகம் இனங்கண்டது.

அதற்காகப் பிண்ணாக்கையே பழிப்பது பேதைமை. எண்ணெய் பிழிந்தபின் வித்தின் புரதம் அதில்தான் தங்குகிறது: கடலைப் பிண்ணாக்கில் நூற்றுக்கு 40க்கு மேல், தேங்காய்ப் பிண்ணாக்கில் ஏறத்தாழ 20. வைக்கோலில் 3 அல்லது 4 தேறினாலே மிகுதி. கடலைப் பிண்ணாக்கின் புரதம் பெருவயிற்று நுண்ணுயிர்களால் விரைந்து சிதையும். தேங்காய்ப் பிண்ணாக்கினதோ கணிசமாகத் தப்பிக் குடலைச் சேரும். எனவே நன்கு கறக்கும் பசுவுக்கு இரண்டையும் கலந்தளிப்பதே தகும். கோழிக்கும் பன்றிக்கும் ஊறு செய்யும் பருத்திக்கொட்டையின் காசிப்பால் என்னும் நச்சுப்பொருளைக்கூட, வளர்ந்த மாட்டின் பெருவயிறு பெரிதும் அடக்கிவிடுகிறது. பூஞ்சை நஞ்சின் முன் மட்டும் அவ்வாற்றல் முழுமையாகச் செல்லுபடியாவதில்லை.

தீவனத்தைச் சோதிக்க வழியில்லாமலில்லை: நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வுக் கூடம் உண்டு. கோழிப் பண்ணையாளர் தீவனச் சோதனையில் விழிப்பாயிருப்பதன் காரணம் வெளிப்படை: நஞ்சுண்ட கோழி முட்டை குறைந்து நோயுற்று, இழப்பை உடனே காட்டிவிடும். பசு அவ்வாறு காட்டிக்கொடுப்பதில்லை. தான் பெரிதும் வாடாமலே நஞ்சைக் குழந்தையின் குவளைக்குக் கைமாற்றுகிறது. உரிமையாளருக்கு இழப்பு தெரியாத இடத்தில் சோதனையை அவராகவே நாடுவார் என எதிர்பார்ப்பதில் பொருளில்லை.

கொள்முதல் நிலையத்தில் பாலைத் திருப்பியனுப்பி, இரண்டு மாடு வைத்திருப்பவரைத் தண்டிப்பது எளிது, நீதியன்று. உதிரியாக நிறுத்து வாங்கும் பிண்ணாக்கின் ஈரமோ நஞ்சோ அவருக்கு எப்படித் தெரியும்? சோதனை தொடங்க வேண்டிய இடம் எண்ணெய் ஆலையும் மொத்தக் கிடங்கும் ஆகும். ஒவ்வொரு தொகுதியிலும் மாதிரி எடுத்து, புரதம், ஈரப்பதம், நஞ்சின் அளவு ஆகியவற்றை மூட்டையின்மேல் அச்சிட்ட பின்னரே விற்கலாம் என்னும் ஆணையை, வடகிழக்குப் பருவமழை கிடங்குகளை நனைக்கும் முன்னரே அரசு பிறப்பிக்க வேண்டும். சோதனைச் செலவையும் முதல் சில ஆண்டுகளுக்கு அரசே ஏற்கட்டும்.