மானியம் கிலோவாட்டுக்கா, யூனிட்டுக்கா?

வீட்டு மாடிச் சூரியப் பேனல்களுக்கான பிஎம் சூர்யகர் திட்டத்தைப் பற்றி எந்த அறிவிப்பு வந்தாலும் அதில் இரண்டு கணக்குதான் இருக்கிறது: எத்தனை வீடுகள், எத்தனை கிலோவாட். 3 கிலோவாட் வைத்தால் 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. அந்தப் பேனல் ஓராண்டில் எத்தனை யூனிட் தந்தது என்று கேட்பார் இல்லை. 75,021 கோடி ரூபாய் ஒதுக்கிய திட்டத்தில் இது பெரும் குறை.

செயல்திறன் என்றாலே அதிகாரிகளுக்கு ஆய்வகம்தான் நினைவுக்கு வருகிறது. சீனாவின் லோங்கி நிறுவனம் சிலிக்கான் மேல் பெரோவ்ஸ்கைட் என்ற பொருளை அடுக்கி 34 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. நல்லது. மத்திய அரசும் 2023இல் கூரைப் பேனல்களுக்குக் குறைந்தபட்சத் திறன் 19.5 சதவீதம் என்று விதித்தது. ஆனால், அது 25 டிகிரியில் அளந்த திறன். சித்திரை வெயிலில் மொட்டைமாடிப் பேனல் 65 டிகிரிவரை சுடும். 25க்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி ஏறத்தாழ 0.35 சதவீதம் குறையும். சுமார் 14 சதவீதம் அங்கேயே போயிற்று. காற்று போக இடைவெளி விடாமல் தகரக் கூரையோடு ஒட்டிப் பொருத்தினால் இன்னும் மோசம்.

வெயிலை நாம் மாற்ற முடியாது. தூசியைத் துடைக்கலாமே? காந்திநகர் ஐஐடியின் பேனல்களை வைத்து, டியூக் பல்கலைக்கழகத்தின் மைக் பெர்கினும் அந்த ஐஐடியின் ஆய்வாளர்களும் 2017இல் வெளியிட்ட முடிவைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. சில வாரங்கள் விட்டுத் துடைத்த ஒவ்வொரு முறையும் உற்பத்தித் திறன் 50 சதவீதம் கூடியது. ஐம்பது சதவீதம்! எந்த ஆய்வகம் இவ்வளவு பெரிய பாய்ச்சலைத் தந்திருக்கிறது? படிந்ததில் 92 சதவீதம் மண்தூசி. மீதி, மனிதர் கிளப்பிய கரியும் பிற மாசும்; அளவில் சிறிதானாலும் ஒளியை மறைப்பதில் இவை மண்ணைவிடக் கொடியவை. குஜராத் புழுதி வேறு, நம் ஊர் வேறு என்பவர்கள் பங்குனி மாதத்தில் எண்ணூரிலோ தூத்துக்குடியிலோ ஒரு மாடியில் ஏறி, பேனல்மேல் விரலால் கோடு போட்டுப் பார்க்கட்டும்.

கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையத்தில் பேனல்களை ரோபோக்கள் நாள்தோறும் துடைக்கின்றன. விற்கும் யூனிட்டுக்குத்தான் நிலையத்தாருக்குப் பணம். அதனால் தூசியை விட்டுவைப்பதில்லை. வீட்டுப் பேனலுக்கோ பொருத்தியதும் மானியம் வந்துவிடுகிறது, அதன்பின் அது அநாதை. ஐந்தாண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் இருக்கிறதே என்பது அதிகாரிகளின் பதில். கூப்பிட்டால் பழுது பார்க்க வருகிறவரை நம்பி மாதாமாதம் தூசி துடைக்க முடியாது. இந்தப் பதிலுக்கு இதற்குமேல் மரியாதை தேவையில்லை.

மானியத்தில் மூன்றில் ஒரு பங்கை நிறுத்திவையுங்கள். ஓராண்டு கழித்து, இன்வெர்ட்டர் காட்டும் யூனிட்டைப் பார்த்துக் கொடுங்கள். துடைக்கும் வேலையை ஊர்தோறும் மகளிர் சுய உதவிக் குழுக்களிடம் கூலி பேசி ஒப்படையுங்கள். தமிழகத்தில் ஒழுங்காக வைத்திருக்கும் ஒரு கிலோவாட் பேனல் நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். எல்லா மாடியிலும் அந்த 4 யூனிட் கிடைக்கிறதா என்று கணக்கெடுத்து முடிக்கும்வரை, புதிய அனல்மின் நிலையம் எதற்கும் மாநில அரசு ஒப்புதல் தரக் கூடாது.