வாய்ப்பேச்சில் வேய்ந்த கூரை



தமிழ்ப்பள்ளியில் பத்து, பதினொரு வயதுப் பிள்ளைகளுக்கு அலுவல் கடிதம் எழுதக் கற்பிக்கிறோம். குடியிருப்பில் குப்பை அள்ளப்படவில்லை. நகராண்மைக் கழகத்திற்குப் புகார்க் கடிதம் எழுதுக. அனுப்புநர், பெறுநர், தலைப்பு, நாள், என்ன நடந்தது, என்ன வேண்டும் என வரிசை பிசகாமல் பிள்ளை எழுதிவிடுகிறது. நாமும் சிவப்பு மையால் ஒற்றுப்பிழையைத் திருத்தி ‘நன்று’ என்று போட்டு அனுப்புகிறோம்.

அதே பிள்ளையின் வீட்டுக் கூரை ஒழுகுகிறது. பழுதுபார்க்க வந்த குத்தகையாளர் சில ஆயிரம் வெள்ளியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். கூரை இன்னும் ஒழுகுகிறது. இப்போது அப்பா எழுதும் கடிதம் எங்கே? அம்மா எடுத்து வைத்த பற்றுச்சீட்டு எங்கே? ஒன்றுமில்லை! வாளியை வைத்துத் தண்ணீரைப் பிடிக்கிறார்கள், குத்தகையாளரைத் திட்டுகிறார்கள், “போகட்டும், நம்ம ஆள்தானே” என்று முடித்துவிடுகிறார்கள்.

இந்த ‘நம்ம ஆள்’ என்ற சொல்லின்மீதுதான் என் சினமெல்லாம். கோலா குபு பாரு, ராசா, கெர்லிங், பத்தாங் காலி, புக்கிட் செந்தோசா என இந்த வட்டாரத்தில் எங்கே கேட்டாலும் இதே கதைதான். கோயிலில் பார்த்துப் பழகியவர், மைத்துனரின் நண்பர், ஒரே தோட்டத்துக்காரர் என்று ஏதோ ஓர் உறவைச் சொல்லிக்கொண்டு வேலை தொடங்குகிறது. விலையைக் காகிதத்தில் எழுதித் தரச் சொன்னால் அவர் மனம் நோகுமாம். அடையாள அட்டை எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவாம். வங்கியில் கடன் கேட்டுப் போனால் பத்து இடங்களில் கையொப்பமிடக் கூச்சப்படாத நாம், நம் பணத்தை நாமே ஒருவரிடம் கொடுக்கும்போது மட்டும் ஏன் இப்படி நாணிக் குறுக வேண்டும்?

இதன் வேர் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நம்முள் பலர் லயத்து வீடுகளில் பிறந்தவர்கள். அல்லது அங்கே பிறந்தவர்களின் பிள்ளைகள். லயத்தில் தகரம் பறந்தால் மண்டோரிடம் சொல்ல வேண்டும். மண்டோர் கிராணியிடம் சொல்வார். கிராணி, துரையின் முகம் பார்த்துச் சொல்வார். தகரம் வந்தால் அது துரையின் கருணை. வராவிட்டால் நம் தலையெழுத்து. தொழிலாளர் குடியிருப்புக்கான குறைந்தபட்சத் தரத்தை வரையறுத்து 1966ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது; 1990ஆம் ஆண்டில் அதற்கு மாற்றாக 446ஆம் சட்டம் வந்தது. வீட்டைப் பழுதின்றி வைத்திருப்பது முதலாளியின் கடமை என்பது சட்டம். லயத்தில் அதை யார் நமக்குப் படித்துக் காட்டினார்கள்? உரிமையை உதவியாகக் கேட்டுக் கேட்டே ஒரு தலைமுறை வளர்ந்தது. தோட்டம் போயிற்று, துரை போனார், அந்தக் குரல் மட்டும் போகவில்லை. இன்று சொந்த வீட்டில் அமர்ந்து, சொந்தப் பணத்தைக் கொடுத்துவிட்டு, குத்தகையாளரிடம் “கொஞ்சம் வந்து பார்த்துவிட்டுப் போங்களேன்” என்று கெஞ்சுகிறோம்!

எல்லாரும் அப்படி அடங்கிப் போய்விடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். புத்ராஜெயா நகருக்காகத் தோட்டங்களை விட்டு வெளியேறியவர்கள் டெங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளில் குடியேறினார்கள். சுவர்களில் விரிசல் விட்டபோது அவர்கள் வாய்மூடி இருக்கவில்லை. மனுவுக்கு மேல் மனுவாகப் பல்லாண்டுகள் எழுதினார்கள். அவர்களும் தோட்டத்து மக்கள்தாம்.

என் வீட்டுச் செய்திக்கு வருகிறேன். இரண்டு கூரைச் சரிவுகள் கூடும் பள்ளத்தில் தகரத் தகடு ஒன்று போட்டிருப்பார்கள். மழைநீர் முழுவதும் அதன் வழியேதான் இறங்கும். என் வீட்டில் அது துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. மலையடிவார ஊரில் மாலை மழைக்குக் குறைவில்லை. உட்கூரைப் பலகை ஊறித் தொங்கிற்று. வந்த குத்தகையாளரிடம் பழைய தகட்டைக் கழற்றிப் புதியது போட வேண்டும், உடைந்த ஓடுகளை மாற்ற வேண்டும் என்று பேசி, விலை 4,800 ரிங்கிட், முன்பணம் 2,400 என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிட்டோம். அவருடைய நிறுவனப் பதிவெண்ணையும் அதிலேயே குறித்தேன். “என்ன சார், பள்ளிக்கூடத்துப் பழக்கமா?” என்று சிரித்தார். ஆம், அதே பழக்கந்தான்!

இரண்டே நாளில் வேலை முடிந்தது என்றார். மகனை ஏணியில் ஏற்றிப் படம் எடுக்கச் சொன்னேன். பழைய தகடு அப்படியே இருந்தது. ஓட்டையின்மேல் சிலிக்கோன் பசை அப்பப்பட்டிருந்தது. வெயிலில் அது வறண்டு பிளக்க எத்தனை நாளாகும்? மீதிப் பணத்தைத் தரவில்லை. சரிசெய்து தரும்படி புலனத்தில் எழுதினேன். பதினான்கு நாள் தவணை கொடுத்தேன். பதிலில்லை. வேறொருவரை அழைத்து முறையாகத் தகடு போட்டேன். முதலாமவரிடம் கொடுத்த முன்பணத்தைக் கேட்டு பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் வழக்குப் பதிந்தேன்.

“ஐயோ, கோர்ட்டுக்கா போனீர்கள்!” என்று ஆசிரியர் அறையிலேயே கேட்டார்கள். அங்குதான் எனக்கு வியப்பு. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த மன்றம் அது. கட்டணம் 5 ரிங்கிட். வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. இரு தரப்பும் தாமே பேச வேண்டும் என்பதுதான் பொது விதி. தொடக்கத்தில் 10,000 ரிங்கிட் வரைதான் கோரலாம். 2003இல் அது 25,000 ஆகி, 2019இல் 50,000 ஆயிற்று. சிக்கல் எழுந்து மூன்று ஆண்டுகளுக்குள் பதிய வேண்டும். தீர்ப்பை மதித்துப் பதினான்கு நாளில் நடக்காதவர்மீது குற்ற வழக்கே தொடரலாம். இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக இருக்கும் ஓர் அமைப்பை, படித்துப் பட்டம் பெற்ற நாமே அறியாமல் இருந்தால், ரப்பர் மரம் சீவிப் பிள்ளையைப் படிக்க வைத்த பாட்டி எப்படி அறிவார்?

சட்டம் சொல்வது மிக எளிது. பணம் வாங்கிச் சேவை செய்பவர் தக்க கவனத்துடனும் திறத்துடனும் செய்ய வேண்டும். பேசிய பயனுக்கு அது உதவ வேண்டும். காலம் குறிக்கப்படாவிட்டால் நியாயமான காலத்திற்குள் முடிக்க வேண்டும். தவறினால், சரிசெய்யக்கூடிய குறையைச் சரிசெய்ய முதலில் அவருக்கே வாய்ப்புத் தர வேண்டும். அவர் மறுத்தாலோ அலட்சியம் செய்தாலோ, வேறொருவரைக் கொண்டு சரிசெய்து, அதற்கான நியாயமான செலவை அவரிடம் கோரலாம். அல்லது ஒப்பந்தத்தையே முறித்துக்கொள்ளலாம். அந்த வாய்ப்பைத் தராமல் சினத்தில் விரட்டிவிட்டவர்கள்தாம் பின்னால் திண்டாடுகிறார்கள். (புதிதாக மேம்பாட்டாளரிடம் வாங்கிய வீட்டின் குறைகளுக்கு வீடு வாங்குவோருக்கென்று தனி நடுவர் மன்றம் உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டா.)

வாய்ப்பேச்சு ஒப்பந்தமும் ஒப்பந்தந்தான்; சட்டம் அதை ஒதுக்கவில்லை. ஆனால் எதிர்த்தரப்பு “அப்படிப் பேசவே இல்லை” என்றால் எதைக் காட்டுவீர்கள்? அதைவிடப் பெரிய தொல்லை, வழக்குப் பதியும் படிவத்தில் அவருடைய முழுப்பெயரையும் முகவரியையும் எழுத வேண்டும். ‘கூரை மணியம், கைப்பேசி எண் இது’ என்று எழுதினால் எந்த முகவரிக்கு அறிவிப்பை அனுப்புவார்கள்? எத்தனையோ குடும்பங்களின் வழக்கு தொடங்குமுன்னே செத்துப்போவது இங்கேதான். கட்டுமானத் துறை மேம்பாட்டு வாரியத்தில் ஒருவர் பதிவு பெற்றவரா என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்னரே இணையத்தில் பார்த்துவிடலாம்.

குத்தகையாளர் பக்கத்து நியாயமும் இல்லாமல் இல்லை. பாதி வேலையில் “இந்தச் சுவரையும் சேர்த்து உடைத்துவிடுங்கள்” என்று சொல்லிவிட்டுப் பழைய விலையையே நீட்டுகிற வீட்டுக்காரர்களை நான் அறிவேன். சிமெண்டு விலை ஏறியதும் அவர்களுக்குக் காது கேளாமல் போய்விடும். நடுவர் மன்றத்தில் குத்தகையாளர் எதிர்க்கோரிக்கையும் வைக்கலாம். கையொப்பமிட்ட தாள் ஒழுங்காக உழைப்பவரையும் காக்கும். அதைக் கண்டு முகம் சுளிப்பவரிடம் ஏன் வேலை கொடுக்க வேண்டும்?

நம் ஊரே மோசமான கட்டுமானத்தின் விலை அறிந்த ஊர். 1883ஆம் ஆண்டில் பழைய அணை உடைந்து பழைய கோலா குபுவை வெள்ளம் அழித்தது. மாவட்ட அதிகாரியும் அதில் மாண்டார். பின்னும் வெள்ளம் ஓயாததால் ஊரை இடம் மாற்றி, சார்லஸ் ரீட் என்னும் நகரமைப்பாளரின் திட்டப்படி அமைத்ததுதான் இன்றைய ‘பாரு’. நாம் என்னவோ அந்த அணையை வெள்ளை முதலைக் கதையாக மட்டுமே பிள்ளைகளுக்குச் சொல்கிறோம்.

இன்னொன்று, பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கு. பள்ளிக் கழிவறைக் குழாய், வகுப்பறை மின்விசிறி, சிற்றுண்டிச் சாலைக் கூரை என்று நன்கொடைப் பணத்தில் செய்யும் வேலைகளும் பல இடங்களில் வாய்ப்பேச்சில்தான் நடக்கின்றன. அது பெற்றோர் பணம். இரண்டு மூன்று இடங்களில் விலை கேட்டு எழுதி வாங்குங்கள். வேலை நடக்கும்போது படம் எடுங்கள். கடைசித் தவணையை ஒரு நல்ல மழை பெய்யும் வரை கையில் வைத்திருங்கள். அதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

என் வழக்கில் விசாரணைக்கு ஒரு நாள் விடுப்பெடுத்துப் போனேன். தாள், ஆறு படங்கள், புலனச் செய்திகளின் அச்சுப்படி, இரண்டாமவரின் பற்றுச்சீட்டு, இவ்வளவுதான் கொண்டுபோனது. மலாய் மொழியில் பேசினேன். தடுமாறிய இடத்தில் தலைவர் பொறுமையாகக் கேட்டார். குத்தகையாளர் 2,000 ரிங்கிட் திருப்பித் தர வேண்டும் என்று தீர்ப்பாயிற்று; இரு தவணைகளில் தந்தார். அடுத்த மாதம் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு அலுவல் கடிதப் பாடம் வருகிறது. இம்முறை குப்பைத் தொட்டியை விட்டுவிட்டு, ஒழுகும் கூரையைத் தலைப்பாகக் கொடுக்கப் போகிறேன், பெறுநர் குத்தகையாளர். கடிதத்தைப் பெற்றோரிடம் காட்டிக் கையொப்பம் வாங்கி வர வேண்டும்.