எந்தக் கஸ்தூரி மஞ்சள்?

ஒக்கலிபுரத்து நாட்டு மருந்துக் கடையில் கஸ்தூரி மஞ்சள் கேட்டேன். அடர்மஞ்சள் நிறத்தில் ஒரு பொடியைத் தந்தார்கள். கன்னடத்தில் அது கஸ்தூரி அரிசின. பெயர் இரு மொழிக்கும் பொது. பொட்டலத்தில் இருப்பது எந்தச் செடியின் கிழங்கு?

தாவரவியலார் இப்பெயரால் குறிப்பது குர்குமா அரோமாட்டிகா. அதன் கிழங்கு வெளிர்நிறமும் கற்பூர மணமும் உடையது. கேரளச் சந்தையில் மஞ்சக்கூவை என்னும் வேறோர் இனம் இதே பெயரில் விற்கப்படுவதை அவர்களே சுட்டிக்காட்டியுள்ளனர். அவ்வாறிருக்க, கடைப்பொடியில் சாறெடுத்து நுண்ணுயிர்த் தடுப்புச் சோதனை நடத்தி, 'கஸ்தூரி மஞ்சள் சருமத்துக்கு நன்று' என முடிவெழுதுவது என்ன அறிவியல்? செடியின் உலர்மாதிரி சேமிக்கப்படாத ஆய்வைப் பிறர் மீளச் செய்து பார்க்கவும் இயலாது.

"மரபே சொல்லிவிட்டது, பெயரில் என்ன இருக்கிறது?" என்கிறார்கள். காயம் ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு அமெரிக்கா 1995இல் வழங்கிய காப்புரிமை 1997இல் நீக்கப்பட்டது. சிஎஸ்ஐஆர் முன்வைத்த சான்றுகள் பழைய நூல்களும் அச்சான கட்டுரைகளுமே. மஞ்சள் எச்செடி என்பதில் ஐயம் இல்லாததால் அவை பயன்பட்டன. நாளை கஸ்தூரி மஞ்சளுக்கு அத்தகைய வழக்கு வந்தால், எந்தச் செடிக்காக வாதாடுவோம்?

வட்டாரப் பெயர், சேகரித்த இடம், உலர்மாதிரி எண் ஆகிய மூன்றும் இல்லாத ஆய்வேட்டை நெறியாளர்கள் திருப்பி அனுப்ப வேண்டும். மொழியியல் துறைகளும் இது தாவரவியலார் வேலை என்று ஒதுங்குதல் தகாது. ஒரு சொல் எப்பொருளைக் குறிக்கிறது என்பது நம் கேள்வியே.