தீர்வை மதிலும் அணையும் உலைகளும்

அந்நிய உருக்கின்மீது தீர்வையை உயர்த்தினால் உள்நாட்டு உருக்காலைகள் தழைக்கும் என்பது ஐக்கிய அமெரிக்காவில் மீண்டும் மீண்டும் எழுப்பப்படும் கோஷமாகும். தேசப் பாதுகாப்பின் பெயராலும் தொழிலாளியின் பெயராலும் எழுப்பப்படும் இக்கோஷத்தை அந்நாட்டின் அண்மைக்கால வரலாறே மறுதலிக்கின்றது.

2002 மார்ச்சில் சனாதிபதி புஷ் மூன்றாண்டுக் காலத்துக்கென 30 வீதம் வரையிலான தீர்வையை விதித்தார். உலக வர்த்தக அமைப்பின் தீர்ப்பு எதிராக அமையவே, 2003 டிசெம்பரில் அது நீக்கப்பட்டது. 2018 மார்ச்சில் சனாதிபதி ட்றம்ப் 25 வீதத் தீர்வையை விதித்தார். 2019 மே மாதத்தில் கனடாவும் மெக்சிக்கோவும் விலக்குப் பெற்றன. 2025 மார்ச்சில் நாடுகளுக்கான விலக்குகள் ஒழிக்கப்பட்டன. யூனில், பிரித்தானியா நீங்கலாக, தீர்வை 50 வீதமாயிற்று.

உலையொன்றைத் திட்டமிட்டுக் கட்டி முடிக்க ஆண்டுகள் பல வேண்டும். இட்ட மூலதனம் மீள்வதற்கோ அதனினும் நீண்ட காலம் வேண்டும். தீர்வையோ ஒரு கையொப்பத்தில் உயர்வது. மறு கையொப்பத்தில் தாழ்வது. இம்மணல்மேட்டை நம்பிப் பழைய ஊதுலையைப் புதுக்கியமைக்க எவர் முன்வருவர்? விலையேற்றம் தரும் இலாபத்தைப் பெற்றுக்கொண்டு இருப்பதையே ஓட்டுவது முதலாளிக்கு எளிது.

2018 இல் யு.எஸ். ஸ்டீல் நிறுவனம் இலினோய் மாநிலத்துக் கிரனைற் நகரில் அணைந்திருந்த ஊதுலைகளை மூட்டியபோது வெற்றிமுரசு கொட்டப்பட்டது. அதே நிறுவனம் 2019 டிசெம்பரில் மிச்சிகன் மாநில ஆலையொன்றின் பெரும்பகுதியை நிறுத்தப்போவதாக அறிவித்தது. அப்போதும் தீர்வை நடைமுறையிலேயே இருந்தது.

மேலும், உருக்கு உற்பத்தியாளர் யாவரும் ஓரினத்தவர் அல்லர். சில ஆலைகள் பிறநாட்டு உருக்குப் பாளங்களை இறக்குமதி செய்து தகடாக்குவன. தீர்வை அவற்றுக்கு அரணன்று, சுமையே. மறுபுறம், அந்நாட்டு உருக்கில் ஏறத்தாழ 70 வீதம் பழைய இரும்பை உருக்கும் மின்வில் உலைகளிலிருந்தே வருகின்றது. குறைந்த தொழிலாளருடன் இயங்கும் இவையே ஊதுலைகளின் வலிய போட்டியாளர். வீட்டினுள் இருக்கும் போட்டியைத் துறைமுகத்துத் தீர்வை எவ்வாறு தடுக்கும்?

தீர்வை முற்றாகவே வேண்டாமென்பது இதன் பொருளன்று. அடக்கவிலைக்கும் குறைவாக விற்கும் அந்நியப் போட்டியினின்று கைத்தொழிலைக் காப்பது அரசின் கடன். ஆனால் அக்காப்பு கால எல்லையும் நிபந்தனையும் உடையதாதல் வேண்டும்; பெற்ற இலாபம் உலைகளைப் புதுக்கவும் தொழிலாளரைப் பயிற்றவும் செலவிடப்பட வேண்டும். அந்நிபந்தனையின்றி உயர்த்தப்படும் தீர்வை, உருக்கை வாங்குவோரிடம் அறவிட்டு ஆலை உடைமையாளருக்கு அளிக்கும் மானியமேயன்றி வேறன்று. உலை அணையும் நாளில் வெறுங்கையுடன் வாயிலில் நிற்பவன் தொழிலாளியே.